மொட்டை மாடிச் செடி, வெயில், நீல அச்சு: கேள்வி பதில்

கேள்வி: மாடியில் வளர்க்கும் இலைகளை வைத்து சயனோடைப் எடுக்க ஆசை (ரசாயனம் பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவி எடுக்கும் நீல அச்சு; இலை மூடிய இடம் வெள்ளையாக நிற்கும்). என்னென்ன வாங்க வேண்டும் மேடம்?

பதில்: ரசாயனம் இரண்டே. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறு 100 மி.லி. தண்ணீரிலும் கரையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். சிட்ரேட் வாங்கும்போது பச்சை ரகம் என்று கேளுங்கள், பழுப்பு ரகம் மந்தம். சிட்ரேட் கரைசலில் பூஞ்சணம் பிடிக்கும், வடிகட்டினால் ஆச்சு. ஏ4 தாளுக்கு இரண்டிலும் தலா 2 மி.லி. எடுத்துக் கலந்து, ஸ்பாஞ்ச் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் காயவிடுங்கள். இரும்புப் பட்டை போட்ட பிரஷ் கரைசலில் பட்டால் அங்கங்கே நீலப் புள்ளி விழும்.

கேள்வி: இலையின் ஓரம் மங்கலாக வருகிறது, நடுவிலும் வெள்ளை இல்லை. ஏன்?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. ஓரம் மங்கினால் இலை தாளில் படியவில்லை. செய்தித்தாளுக்குள் ஒரு நாள் அழுத்திவைத்து, 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடியைப் போட்டு நாலு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். யுவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் அக்ரிலிக் வேண்டாம். உச்சி வெயிலில் வையுங்கள்; சாய்ந்த வெயிலில் நிழல் நகர்ந்துவிடும். நடுவில் வெளுப்பு இல்லையென்றால் தாள் முன்பே வெளிச்சம் கண்டிருக்கும், அல்லது சரியாகக் காயவில்லை. கற்பூரவள்ளி மாதிரி சதைப்பற்றுள்ள இலை நீர் விட்டும் கறையாக்கும்.

கேள்வி: எத்தனை நிமிடம் வெயிலில் வைக்கணும்?

பதில்: கடிகாரத்தை நம்பாதீர்கள். இலைக்கு வெளியே இருக்கும் மஞ்சள் பச்சை, நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த செம்பு நிறத்துக்கு வரணும். நீலத்திலேயே எடுத்தால் கழுவும்போது பாதி போய்விடும். சென்னைச் சித்திரை வெயிலில் 5 முதல் 8 நிமிடம், மார்கழியில் அதைவிடக் கூடுதல். முதலில் ஒரு துண்டுத் தாளை, 2 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை நகர்த்தி மூடிச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: கழுவி முடித்ததும் அழகான நீலம். காய்ந்த பிறகு வெளிறிவிட்டது.

பதில்: போர் தண்ணீரா? நீல நிறமிக்குக் காரத்தன்மை ஆகாது. ஒரு லிட்டருக்கு அரை எலுமிச்சை பிழிந்து முதல் அலசலைச் செய்யுங்கள், மஞ்சள் நிறம் போகும்வரை 5 முதல் 10 நிமிடம் போதும். தாளையும் பாருங்கள்: சுண்ணாம்புச் சத்து சேர்த்த ‘ஆசிட் ஃப்ரீ’ ஓவியத் தாள்கள் சிலவற்றில் இதே தொல்லை வரும். சுவரில் மாட்டி வெயில் பட்டு மங்கிய படம் என்றால் கவலை இல்லை, சில நாள் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும்.

கேள்வி: இதற்கென்றே என்ன செடி வைக்கலாம்?

பதில்: முடக்கத்தான், வெந்தயம், மல்லி, பெரணி. இந்த சயனோடைப் முறையை ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் 1842-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிடத் தொடங்கினார். மெல்லிய பிரிவுள்ள உருவம்தான் இதில் எடுபடும். மல்லி வெயில் தாங்காமல் பூவெடுத்தால் பிடுங்கிவிடாதீர்கள். அப்போது வரும் ஊசி இலைகள்தான் சமையலுக்கு உதவாது, படத்துக்கு அருமை. 12 அங்குல பையில் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. நார்க்கழிவை இருமுறை ஊறவைத்துப் பிழியுங்கள், உப்பு இருந்தால் இலை நுனி கருகும். முடக்கத்தான் விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டு, கயிறு கட்டி ஏற்றுங்கள். பெரணியைத் தொட்டி நிழலில் வையுங்கள்.

கேள்வி: இந்த இரண்டு ரசாயனமும் இல்லாமல் இலைப் படம் எடுக்கலாமா?

பதில்: மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூனை 50 மி.லி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கி, துணியில் வடித்துத் தாளில் பூசுங்கள். காலை 10 முதல் 2 மணி வரை இலையோடு வெயிலில் வைத்து, ஒரு சிட்டிகை வெண்காரம் கரைத்த தண்ணீரில் முக்கினால் இலை செம்பழுப்பாக எழும். கொடிப்பசலைப் பழச் சாற்றிலும் செய்யலாம், ஆனால் நாள்கணக்கில் காயணும். இரண்டுமே நிலைக்காது, ஆல்பத்துக்குள் வையுங்கள்.

கேள்வி: கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். ஃபெரிசயனைடு பாட்டில் பக்கத்தில் கழிவறை ஆசிட் வைக்காதீர்கள். வலுவான அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.