சந்திரரோகி: நோயா, பேயா?

இயேசுவிடம் கொண்டுவரப்பட்ட ஒரு பையனை மத்தேயு 17:15 'சந்திரரோகி' (நிலவால் வலிப்பு வருபவன்) என்கிறது, 18ஆம் வசனம் அவனைவிட்டுப் பிசாசு புறப்பட்டது என்கிறது. ஆதிச் சபையார் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஓரிகன் (3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர்). மத்தேயு விளக்கவுரை 13ஆம் புத்தகம், 6ஆம் பகுதியிலிருந்து படியுங்கள். நிலவோடு சேர்ந்து தலையிலுள்ள ஈரம் அசைவதால் வரும் நோய் என்பது வைத்தியர்களின் விளக்கம். அதை எடுத்துச் சொல்லிவிட்டே ஓரிகன் மறுக்கிறார். அசுத்த ஆவி பிறை வளர்வதையும் தேய்வதையும் பார்த்துச் சமயம் பிடித்துத் தாக்குகிறதாம். பழி நிலவின்மேல் விழ வேண்டுமே! நிலவைப் பழித்தால் படைத்தவரையே பழித்த மாதிரி. ஓரிகன் உண்மையில் தாக்குவது, வான்பொருள்கள் மனிதருக்குக் கேடு செய்யும் என்னும் சோதிடத்தைத்தான். மேலும் 'மூடன் நிலவைப்போல் மாறுவான்' என்னும் சீராக் (பழைய யூத ஞான நூல்) வசனத்தைக் காட்டி, உள்ளம் நிலைகொள்ளாதவர்களின் உருவகமாகவும் அந்தப் பையனைப் பார்க்கிறார்.

பிற்காலச் சபைத் தந்தையரான கிறிசோஸ்தோம் (மத்தேயு பிரசங்கம் 57), எரோணிமுஸ் (மத்தேயு 4:24 உரை) இருவர் வாதமும் ஏறக்குறைய இதுவே.

ஒன்றில் கவனம்: நிலவுப் பேச்சு மத்தேயுவில் மட்டுமே. இதே நிகழ்வைச் சொல்லும் மாற்கு 9:25இல் 'ஊமையும் செவிடுமான ஆவி'. இரண்டையும் கலந்து படித்தால் இவர்கள் வாதம் பிடிபடாது.