ட்ரம் மெஷின் பிந்துகிறதா, விலகுகிறதா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "விண்டோஸ் லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய ட்ரம் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். ட்ரம் மெஷினை மிடியில் (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) இணைத்து ரீப்பரோடு ஓட விட்டு ரெக்கார்ட் செய்தால், அடி எப்போதும் க்ளிக்குக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. சில டேக்குகளில் பாட்டு முடிவதற்குள் இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, எட்டு மைக் ப்ரீஆம்ப் ஒன்றை ஆப்டிகல் கேபிளில் மாட்டியதிலிருந்து நடுநடுவே டிக், டிக் என்று சத்தம். பஃபரை 64 வரை இறக்கியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை, 256-க்கு ஏற்றிவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது 5.3 மில்லிசெகண்ட், 64 என்பது 1.3. இந்த வித்தியாசம் முக்கியமாக, நீங்கள் வாசிக்கும்போது மென்பொருள் வழியாகச் சுற்றி வந்து ஹெட்ஃபோனில் கேட்கும் தாமதத்தைத்தான் குறைக்கும். ரெக்கார்ட் ஆன ஒலி ட்ராக்கில் எங்கே உட்கார வேண்டும் என்பதை ரீப்பர், டிரைவர் சொல்லும் லேட்டன்ஸி (தாமதம்) கணக்கை வைத்துத் தானே முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. பஃபரை இறக்கி இறக்கிப் பார்த்தால் லேப்டாப் திணறி அதனாலேயே வெட்டு விழ ஆரம்பிக்கும், அப்புறம் எந்த டிக் எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, காரணமும் வேறு வேறு. அடி பின்னால் விழுவது, தள்ளிப் போவது ஆகிய இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதும்; டிக் சத்தத்தைக் கடைசியில் பார்ப்போம். ட்ரம் மெஷினில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு ரிம்ஷாட் (கூர்மையான ஒற்றை அடி) மட்டும் வைத்து, நான்கு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, மூன்றாவது பாரில் எவ்வளவு பின்னால் இருக்கிறது, கடைசிப் பாரில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

இடைவெளி வளர்ந்துகொண்டே போனால், அது லேட்டன்ஸி இல்லை. ட்ரம் மெஷின் தன் சொந்த டெம்போவில் ஓடுகிறது. சில மெஷின்களில் க்ளாக் (தாளத் துடிப்பு) இன்டர்னலில், அதாவது மெஷினின் சொந்தத் துடிப்பில், இருந்தாலும் மிடியில் வரும் ஸ்டார்ட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடும், அதனால் முதல் சில பாருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே கேட்கும். ரீப்பர் 120, மெஷின் 119.9 என்றால்கூட நான்கு நிமிடத்தில் 200 மில்லிசெகண்ட் விலகிவிடும், அதாவது கிட்டத்தட்ட அரை பீட். மெஷினின் சிங்க் மெனுவில் எக்ஸ்டர்னல் அல்லது மிடி என்று மாற்றுங்கள். ரீப்பரில் ப்ரிஃபரன்ஸஸில் அந்த மிடி அவுட்புட்டைத் திறந்து, க்ளாக் அனுப்பும் தெரிவு டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில டேக்கில் மட்டும் விலகுகிறது என்கிறீர்கள் இல்லையா, மெஷினை அணைத்துப் போடும்போது அது பழையபடி இன்டர்னலுக்குத் திரும்பிவிடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மிடி க்ளாக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி விஷயங்கள் எளிதாகப் பிடிபடும். ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு, அவ்வளவுதான். 120 டெம்போவில் 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று வரும். கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறவர் மாதிரி, எத்தனையாவது பார் என்று அது சொல்லாது. இடத்தைச் சொல்ல சாங் பொசிஷன் பாயின்டர் என்று தனியாக ஒரு செய்தி உண்டு, பழைய மெஷின்கள் சில அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் பாட்டின் நடுவிலிருந்து ப்ளே அழுத்தினால் ரீப்பர் 33-ஆம் பாரில் இருக்கும், மெஷின் ஒன்றாம் பாரை வாசிக்கும். ஒவ்வொரு டேக்கையும் தொடக்கத்திலிருந்தே ஓட்டுங்கள், முன்னால் இரண்டு பார் காலியாக விடுங்கள். முதல் சில துடிப்புகளில் மெஷின் டெம்போவைப் பிடிக்கத் தடுமாறும், அது காலி இடத்திலேயே முடிந்துவிடும். மெஷினைத் தலைவனாக்கி ரீப்பரைப் பின்தொடர வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து வரும் க்ளாக்கைப் பின்பற்றும் மென்பொருளில் டெம்போ 119.7, 120.2 என்று ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம்.

இடைவெளி முதலிலும் கடைசியிலும் ஒரே அளவாக இருந்தால் அதுதான் நிஜமான தாமதம், கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். இன்டர்ஃபேஸின் ஒரு லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு நேரடியாக ஒரு கேபிளைச் சொருகுங்கள். அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஒரு க்ளிக் ட்ராக்கை ஓடவிட்டு அதையே திரும்ப ரெக்கார்ட் செய்து, இரண்டுக்கும் எத்தனை சாம்பிள் வித்தியாசம் என்று அளந்து, ரெக்கார்டிங் அமைப்பில் உள்ள மேனுவல் ஆஃப்செட்டில் போடுங்கள். டிரைவர் சொல்லும் கணக்கு எப்போதும் உண்மை என்று நம்ப முடியாது. 96 சாம்பிள் வந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் சரியாக 2 மில்லிசெகண்ட். இதைச் சரிசெய்த பிறகு ரிம்ஷாட் சோதனையை மறுபடி செய்தால் மிஞ்சுவது மிடி பயணமும் மெஷினின் சொந்த யோசனை நேரமும் சேர்ந்த சில மில்லிசெகண்ட். அந்த அளவுக்கு ட்ராக்கை இடப்பக்கம் நகர்த்திவிட்டால் முடிந்தது. ஏபிள்டன் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மிடி க்ளாக் சிங்க் டிலேயில் மைனஸ் எண் கொடுத்து இதையே முன்கூட்டிச் செய்துவிடலாம்.

வளரவும் இல்லை, நிலையாகவும் இல்லை, ஓர் அடி முன்னே ஓர் அடி பின்னே என்று ஆடினால் அது ஜிட்டர். மலிவான யுஎஸ்பி மிடி கேபிளைக் கழற்றிவிட்டு இன்டர்ஃபேஸில் மிடி அவுட் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். க்ளாக் போகும் அதே போர்ட்டில் நாப், பெடல் செய்திகளைக் கொட்டாதீர்கள். மிடி நொடிக்கு 31,250 பிட் தான் கடத்தும், ஒரு நோட் செய்தி போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும், பத்து விரலாலும் ஒன்றாக அழுத்தும் கார்டு (chord) ஒன்று நடுவில் புகுந்தால் க்ளாக் துடிப்பும் நெரிசலில் மாட்டலாம். கோர்க் வோல்கா போன்ற கருவிகளில் சிங்க் இன் துளை ஒன்று இருக்கும், கால் நோட்டுக்கு இரண்டு துடிப்பு வீதம் எதிர்பார்க்கும். உங்கள் மெஷினிலும் அப்படி இருந்தால் மிடியையே விட்டுவிட்டு, துடிப்பை ஓர் ஆடியோ ட்ராக்காக வைத்து இன்டர்ஃபேஸின் தனி அவுட்டிலிருந்து சத்தமாக அனுப்புங்கள். அது ஆடியோவோடு ஆடியோவாகவே போவதால் மிடியின் ஆட்டம் இதில் இல்லை.

இனி அந்த டிக், டிக். இதற்கும் டெம்போவுக்கும் சம்பந்தமே இல்லை. பஃபரை 512-க்கு ஏற்றிப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் லேப்டாப் திணறல். நிற்காமல் தொடர்ந்தால், ப்ரீஆம்ப்பும் இன்டர்ஃபேஸும் தனித்தனியாகச் சாம்பிளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் 48,000 என்று எழுதியிருந்தாலும் இரண்டு படிகங்கள் அச்சாக ஒன்றுபோல் துடிக்காது, அவ்வப்போது ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும், அதுதான் உங்களுக்கு டிக் என்று கேட்கிறது. ப்ரீஆம்ப்பிலிருந்து ஒரே ஓர் ஆப்டிகல் கேபிள் மட்டும் வருகிறது என்றால், ப்ரீஆம்ப்பை இன்டர்னலில் வைத்து, இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் க்ளாக் சோர்ஸை ஏடாட் (ஓர் ஆப்டிகல் கேபிளில் எட்டு சேனல் அனுப்பும் முறை) என்று மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் இன்டர்ஃபேஸ்தான் தலைமை என்று நினைத்து இதைத் தலைகீழாக வைக்கிறார்கள், ஆனால் திரும்பிப் போகும் கேபிளே இல்லாதபோது ப்ரீஆம்ப் எதைப் பார்த்துப் பின்தொடரும்? இன்டர்ஃபேஸில் வேர்ட் க்ளாக் அவுட் (சாம்பிள் துடிப்பை மட்டும் அனுப்பும் துளை) இருந்தால் பிஎன்சி கேபிள் ஒன்றைப் போட்டு ப்ரீஆம்ப்பைப் பின்தொடர வைக்கலாம், அதுவும் சரிதான். இரண்டு பெட்டியிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும். ஆப்டிகல் துளை எஸ்பிடிஃப் என்ற இன்னொரு டிஜிட்டல் முறைக்கும் ஏடாட்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் எந்த முறையில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாறினால் ஒரு கேபிளில் எட்டு சேனல் வராது, நான்குதான் வரும்.