ஆளுக்கு ஆள் சேர்த்துவைக்கும் அண்ணன்: வாசகர் கேள்வி - பதில்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் அண்ணன் அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார். ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு அப்ரண்டிஸ் இடம், பிரசவத்துக்கு ரத்தம், வாடகைக்கு வீடு, எதைக் கேட்டாலும் "இரு, ஒருத்தர் இருக்கார்" என்பார். அவருக்குப் பிறகு நாங்கள் அதைத் தொடர முடியுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

முடியும், அவர் போவதற்குள் ஆரம்பித்தால். அவர் போனில் இருக்கும் நம்பர்களை அப்படியே வாங்கிக்கொள்வதில் பயன் இல்லை. 'எலக்ட்ரீஷியன் எருக்கஞ்சேரி' என்று நாம் எல்லோரும்தான் பதிந்துவைக்கிறோம். அந்த எலக்ட்ரீஷியன் மோட்டார் காயில் கட்டுவாரா, வீட்டு வயரிங் மட்டும்தானா, ஞாயிற்றுக்கிழமை வருவாரா, முன்பணம் கேட்பாரா என்பதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். அவருடைய திறமையே அதில்தான் இருக்கிறது. டீ நேரத்தில் தினம் நாலைந்து பேரைப் பற்றி அவரைச் சொல்லவிட்டு எழுதுங்கள். எந்த வேலையில் கெட்டி, எந்த நேரத்தில் கூப்பிடலாம், யார் மூலம் பழக்கம் என்ற மூன்றும் இருந்தால் போதும். எழுதியதோடு நிறுத்தாமல், முக்கியமானவர்களை அவரே கூப்பிட்டு "இனிமே இந்தப் பொண்ணு பேசும்" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு போன் போகாவிட்டால் உங்கள் அழைப்பு அவர்களுக்குத் தெரியாத நம்பர்தான், எடுக்க மாட்டார்கள்.

சேர்த்துவைக்கும்போது, உதவி செய்யப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள். "ராயபுரத்துப் பையன், ஃபிட்டர் முடிச்சிருக்கான், அப்ரண்டிஸ் தேடுறான். பேசுறீங்களா? முடியாதுன்னாலும் ஒண்ணும் இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழி இல்லாமல் 'சரி' சொன்னவர் பிறகு போனையே எடுக்காமல் தப்பிப்பார். கேட்காமல் நம்பர் கொடுப்பது அதைவிட மோசம். அவர் சம்மதித்த பிறகு இருவருக்கும் சேர்த்து நாலு வரியில் ஒரே செய்தி அனுப்புங்கள்: இவர் யார், அவர் யார், என்ன தேவை, எந்த நாளுக்குள். யார் யாரை எப்போது கூப்பிடுவது என்பதும் அதில் இருக்கட்டும். "நீங்களே பேசிக்குங்க" என்று விட்டால் இரண்டு பேரும் மற்றவர் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார்கள். தேவை உள்ளவர்தான் கூப்பிட வேண்டும், அதுவும் எதிராளியின் ஷிப்ட் பார்த்து.

நாலைந்து நாள் கழித்து என்ன ஆயிற்று என்று விசாரித்து, உதவியவருக்கும் தெரிவியுங்கள். பெரும்பாலான ஆட்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். தான் பேசி அனுப்பிய பையனுக்கு வேலை கிடைத்ததா என்றே தெரியாதவர் அடுத்த பையனுக்காக ஏன் பேசப்போகிறார்?

வேலைக்கு ஆள் தேடும்போது நெருங்கிய வட்டத்தையே சுற்றாதீர்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் ஆறில் ஒருவர்தான் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஹார்பர் கிரேன் ஆபரேட்டர், கேன்டீன் கான்ட்ராக்டர் போன்றவர்களிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

எனக்குத் தெரிந்த கார்பென்டரை நண்பர் வீட்டுக்கு அனுப்பினேன். முன்பணம் வாங்கியாயிற்று, வேலை பாதியில் நிற்கிறது. இருவருமே என்னைத் திட்டுகிறார்கள்.
- வாசகர், வியாசர்பாடி

இருவரையும் வேலை நடக்கும் இடத்திலேயே நிற்கவைத்து, முடிந்தது எது, மீதி எது, கொடுத்த பணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கைப்பணத்தைப் போட்டுச் சமாதானம் செய்யாதீர்கள். செய்தால் மீதி வேலைக்கும் நீங்களே பொறுப்பு என்று ஆகிவிடும். இனிமேல் அனுப்பும்போது "நல்ல ஆள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம். "எங்க வீட்ல ரெண்டு கதவு செஞ்சார், வேலை சுத்தம், ஆனா ஒரு வாரம் இழுத்தார்" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பிளைவுட்டை வீட்டுக்காரரே கடையில் வாங்கட்டும். கூலியை ஆரம்பத்தில் கொஞ்சம், பிரேம் ஏறியதும் கொஞ்சம், பாலிஷ் முடிந்ததும் மீதி என்று பிரித்துக் கொடுக்கட்டும்.

ரத்தம் கேட்டு குரூப்பில் போட்டால் ஒன்று யாரும் வருவதில்லை, இல்லையென்றால் தேவை முடிந்த பிறகும் போன் வந்துகொண்டே இருக்கிறது.
- வாசகர், காசிமேடு

செய்தியில் ரத்த வகை, எத்தனை யூனிட், முழு ரத்தமா பிளேட்லெட்டா, தேதி, உடன் இருப்பவரின் நம்பர் எல்லாம் வேண்டும். பிரசவ கேஸ் என்றால் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையா, ஸ்டான்லி மருத்துவமனையா என்று தெளிவாகப் போடுங்கள். இரண்டும் வேறு வேறு இடம், ஆட்டோவில் வந்தவர் தவறான வாசலில் நிற்பார். தேவை முடிந்ததும் அதே குரூப்பில் 'கிடைத்துவிட்டது' என்று போடுங்கள். தேதி இல்லாத செய்திதான் மாதக்கணக்கில் சுற்றும்.

கொடுப்பவரை அனுப்பும் முன் கேளுங்கள்: வயது 18 முதல் 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. முழு ரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர் பிளேட்லெட் தர முடியாது. பிளேட்லெட்டை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். அதனால் பத்துப் பேரை ஒரே நாளில் திரட்டாமல், டாக்டரிடம் கேட்டு நாளுக்கு இரண்டு பேராக வரிசைப்படுத்துங்கள்.

ஓய்வுபெறும் நண்பரின் பிரிவு விழாவில், அவர் எல்லோரையும் இணைத்துவைத்ததைப் பற்றி எப்படிப் பேசுவது?
- வாசகர், பெரம்பூர்

அடைமொழிகளை விடுங்கள். உடன் வேலை செய்தவர்களிடம் 'எனக்கு யாரைக் காட்டினார், அதனால் என்ன நடந்தது' என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி வாங்கி, பத்தை மட்டும் வாசியுங்கள். நோய், கடன் பற்றியவற்றைச் சம்பந்தப்பட்டவர் அனுமதி இல்லாமல் வாசிக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே பொருத்தமான முன்னோர் உண்டு. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களின் குறைகளை, அன்னி பெசன்டின் சகாவான பி.பி.வாடியாவிடம் கொண்டுசேர்த்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்கு அந்த அறிமுகம் ஒரு முக்கியக் காரணம். இதை இரண்டு வரியில் சொன்னாலே போதும். நண்பர் சேர்த்துவைத்த வெளியாட்களில் நாலைந்து பேரையாவது விழாவுக்குக் கூப்பிடுங்கள். கேட் பாஸுக்கு செக்யூரிட்டியிடம் இரண்டு நாள் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.