உயிர்வேதியியல் சொற்களைப் பிரித்துப் படித்தல்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே உயிர்வேதியியல் பட்டப்படிப்பு படிக்கிறேன். பாடம் புரிகிறது, சொற்கள்தாம் மனத்தில் நிற்பதில்லை. கிளைக்காலிசிஸும் கிளைக்கோஜெனாலிசிஸும் தேர்வில் இடம் மாறிவிடுகின்றன. நல்ல அகராதி ஒன்றைச் சொல்வீர்களா?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

அகராதி உங்களுக்குப் பெரிதாக உதவாது. இத்துறையின் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் உறுப்புகளை ஒட்டிச் செய்தவை. உறுப்புகள் சில, சேர்க்கைகளோ ஏராளம். உறுப்புகளைக் கற்றுக்கொண்டால் புதிய சொல்லையும் நீங்களே பிரித்துவிடலாம். (தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க, இவருடைய வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும்.)

நீங்கள் குழம்பும் இடத்திலேயே தொடங்கலாம். ‘லிசிஸ்’ என்றால் உடைத்தல், ‘ஜெனிசிஸ்’ என்றால் ஆக்கல், ‘நியோ’ என்றால் புதிது. கிளைக்காலிசிஸில் ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ் ஒன்று, மூன்று கார்பன் கொண்ட பைருவேட் இரண்டாகிறது. கிளைக்கோஜெனாலிசிஸில் உடைவது, கல்லீரலிலும் தசையிலும் குளுக்கோஸ் கோர்த்துச் சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோஜன். அந்தச் சேமிப்பை உண்டாக்குவது கிளைக்கோஜெனிசிஸ். லாக்டேட், கிளிசரால், சில அமினோ அமிலங்கள் என்று சர்க்கரையல்லாத பொருள்களிலிருந்து குளுக்கோஸைப் புதிதாக ஆக்குவது குளுக்கோநியோஜெனிசிஸ். பட்டினியின்போது கல்லீரல் முக்கியமாகச் செய்யும் வேலை அது. எழுதுமுன் ‘உடைவது எது, உருவாவது எது’ என்று கேட்டுக்கொண்டால் இடம் மாறாது.

நொதிகளின் (உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் என்சைம்களின்) பெயர் பெரும்பாலும் ‘ஏஸ்’ என்று முடியும், சர்க்கரைகளின் பெயர் ‘ஓஸ்’ என்று முடியும். லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை, லாக்டேஸ் அதை உடைக்கும் நொதி. ‘கைனேஸ்’ பாஸ்பேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ‘பாஸ்பட்டேஸ்’ அதைக் கழற்றும்.

ஆனால் பெயரை முழுக்க நம்பிவிடாதீர்கள். லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற பெயர், லாக்டேட்டிலிருந்து ஹைட்ரஜனை நீக்குவது என்றே பொருள்படும். வியாசர்பாடி மைதானத்தில் பந்தை விரட்டி மூச்சு வாங்க ஓடும் பையனின் தசையிலோ அதே நொதி பைருவேட்டுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து லாக்டேட்டை உண்டாக்குகிறது. வினை இரு திசையிலும் நடக்கும், பெயர் ஒரு திசையை மட்டுமே சொல்லும். பைருவேட் கைனேஸ் இன்னும் மோசம்: செல்லுக்குள் நடைமுறையில் நிகழாத திசைக்கு வைத்த பெயர் அது.

இதற்கான சான்று நாள்தோறும் உங்கள் கைக்கு வருகிறது. கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி. (சீரம் குளூட்டமேட் பைருவேட் டிரான்ஸ்அமினேஸ்) என்ற பழைய பெயரிலும் ஏ.எல்.டி. (அலனின் அமினோடிரான்ஸ்ஃபரேஸ்) என்ற புதிய பெயரிலும் அச்சிடுவது ஒரே நொதியைத்தான். அலனினின் அமினோ தொகுதி கைமாறும்போது ஒரு பக்கம் பைருவேட்டும் மறுபக்கம் குளூட்டமேட்டும் உண்டாகின்றன. பழைய பெயர் விளைபொருள்களைப் பிடித்துக்கொண்டது, புதிய பெயர் அலனினைப் பிடித்துக்கொண்டது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1961-இல் நொதிகளுக்கு நான்கு பகுதி எண் வழங்கும் முறை வந்தது. எந்தப் பெயரால் அழைத்தாலும் இந்த நொதியின் எண் 2.6.1.2. முதலில் நிற்கும் 2, ஒரு தொகுதியை இடம் மாற்றும் நொதி என்பதற்கான அடையாளம்.

செல் உயிரியலிலும் இதே வழி பெரும்பாலும் செல்லும். லைசோசோம் என்பது ‘உடைக்கும் உடலம்’, மைட்டோகாண்ட்ரியா என்பது ‘இழையும் மணியும்’. இரண்டாவது பெயர் நுண்ணோக்கியில் தெரிந்த தோற்றத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்வதில்லை. கோல்கை உறுப்பு, கிரெப்ஸ் சுழற்சி ஆகியவற்றின் முன்பகுதிகள் ஆட்களின் பெயர்கள்; அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

நாளை வரும் அறிக்கையில் ‘அல்கலைன் பாஸ்பட்டேஸ்’ என்ற வரியைப் பிரித்துப் பாருங்கள். பின்பகுதி உங்களுக்கு இப்போது தெரியும். முன்பகுதி, அந்த நொதி காரச் சூழலில் நன்றாக வேலை செய்யும் என்பதைக் குறிக்கிறது.