கட்சிக்காரர் வேறு, வாக்காளர் வேறு

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிய குடும்பங்கள் ஓட்டுப் போட்டாலே ஜெயித்துவிடலாமே, பிறகு ஏன் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்? ஜெயித்தால் விசா சட்டத்தை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் ஓட்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். குடியேற்ற வழக்கறிஞரைத் தேடி வரும் கட்சிக்காரர்களில், அதாவது வழக்கை ஒப்படைப்பவர்களில், பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. குடியுரிமை இல்லாததால்தான் வருகிறார்கள். வழக்கு ஜெயித்து, நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு கைக்கு வந்தாலும், குடியுரிமைக்கு மனுப் போடப் பொதுவாக 5 ஆண்டு ஆகும். குடிமக்களை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டு. அதற்குள், ஆர்வக்கோளாறில் ஒரு தொண்டர் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டி, குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போட வைத்துவிட்டால் போச்சு. பொய்யாகக் குடியுரிமை கோரியதாக வழக்கு வரும், நாடு கடத்தவும் செய்யலாம், கிரீன் கார்டுக் கதவு அநேகமாக நிரந்தரமாகச் சாத்தப்படும். காப்பாற்ற வந்தவரின் பிரசாரமே கட்சிக்காரரைக் கவிழ்த்துவிடும். இதைத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் தெருவில் இறக்குவது பெரிய பொறுப்பின்மை.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். ஜனநாயகக் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்கு நிற்க, அந்தத் தொகுதியில் அதே கட்சி வாக்காளராகப் பதிந்தவர்கள் 500 பேரின் செல்லத்தக்க கையெழுத்து வேண்டும். கிடைக்கும் காலம் 37 நாள். ஒருவரே இரண்டு வேட்பாளருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் முதலில் போட்டதுதான் செல்லும். தாளின் அடியில், கையெழுத்து வாங்கியவர் சாட்சியாக ஒப்பமிடும் பகுதியில், கையெழுத்துகளின் எண்ணிக்கையை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடாமல் விட்டால் அந்தத் தாள் முழுவதுமே அடிபடலாம். எதிராளியின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வரியாகப் பார்த்து ஆட்சேபணை போடுவார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் 500-ஐ இரண்டு மூன்று மடங்காகச் சேர்த்துத்தான் தாக்கல் செய்வார்கள்.

பணத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓட்டுப் போட முடியாவிட்டாலும் நன்கொடை தரலாம். எச்1பி என்ற வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் தரக் கூடாது; நம்மவர்கள் பலர் நல்லெண்ணத்தில் இடறுகிற இடம் இது. 2022 நவம்பரில் தொடங்கிய நியூயார்க் அரசுத் திட்டத்தில், தொகுதியில் குடியிருப்பவர் தரும் சிறு நன்கொடைக்கு அரசு பல மடங்கு சேர்த்துத் தருகிறது: முதல் 50 டாலருக்கு 12 மடங்கு, அடுத்த 100-க்கு 9, அதற்கடுத்த 100-க்கு 8. ஆக 250 டாலருக்கு அரசு தருவது 2,300. ஆனால் சட்டமன்ற வேட்பாளர் பொதுவாகத் தொகுதிக்குள்ளேயே 75 பேரிடம் வாங்கி 6,000 டாலர் சேர்த்திருக்க வேண்டும். ஊரெல்லாம் தெரிந்தவர் இருந்து, தொகுதியில் ஆள் இல்லாத வழக்கறிஞர் இங்கேதான் மாட்டுகிறார்.

நியூயார்க் சட்டமன்றத்துக்குத் தேர்வான கட்டலினா க்ரூஸ் வந்த வழியைப் பாருங்கள். கொலம்பியாவிலிருந்து 9 வயதில் வந்து, பத்தாண்டுக்கு மேல் ஆவணமில்லாமல் வாழ்ந்து, பிறகு வழக்கறிஞரானவர். நீதிமன்றத்திலிருந்து நேராகத் தேர்தலுக்கு வரவில்லை. நியூயார்க் நகர மன்றத்தின் குடியேற்றக் குழுவுக்குச் சட்ட ஆலோசகர், சுரண்டப்படும் தொழிலாளர்களுக்கான ஆளுநரின் பணிக்குழு, நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத் தலைமை என்று சுற்றி வந்தார். மசோதா எப்படி எழுதப்படுகிறது, பட்ஜெட் யார் கையில் நகர்கிறது என்பதெல்லாம் அங்கே கற்றது. 2018-ல் நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிகள் அடங்கிய 39-ஆவது தொகுதியில், சில மாதம் முன்பு இடைத்தேர்தலில் வென்றிருந்தவரைக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் தோற்கடித்தார். நீங்கள் அலைச்சல் என்று சொல்வதைத் தொழிற்பயிற்சி என்றே நான் எண்ணுகிறேன்.

விசா சட்டம்? அது முழுக்க அமெரிக்க ஒன்றிய அரசின் கையில். மாநிலம் தொட முடியாது. ஆனால் விசா இல்லாதவரின் அன்றாடத்தை மாநிலத்தால் மாற்ற முடியும். 2019-ல் நியூயார்க், ஆவணமில்லாத மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகையையும், ஆவணமில்லாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தையும் சட்டமாக்கியது. 2020-ல், நீதிபதியின் ஆணையின்றி மாநில நீதிமன்றங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைத் தடுத்தது. எல்லையையும் கவனியுங்கள்: குடியேற்ற நீதிமன்றங்கள் ஒன்றிய அரசினுடையவை. 2025-ல் மன்ஹாட்டனில் குடியேற்ற நீதிமன்றம் இருக்கும் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தின் தாழ்வாரத்தில், வாய்தாவுக்கு வந்தவர்களைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துப் போனபோது மாநிலச் சட்டம் அங்கே செல்லவில்லை.

அந்த நீதிமன்றத்தில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரும் உரிமையும் இல்லை. சிறு பிள்ளைகூடத் தனியே நிற்க நேரும். 2013-ல் நியூயார்க் நகரம் தன் பணத்தில் காவலில் இருப்பவர்களுக்கு வழக்கறிஞர் வைத்துத் தரத் தொடங்கியது. அதை மாநிலம் முழுவதற்கும் உரிமையாக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் முன்வைத்தவர் க்ரூஸ்தான். அடுத்து நிற்கிற குடியேற்ற வழக்கறிஞரிடம், எத்தனை வழக்கு ஜெயித்தீர்கள் என்று கேட்பதைவிட, இதற்குப் பட்ஜெட்டில் எவ்வளவு வாங்கித் தருவீர்கள் என்று கேளுங்கள்.