சின்னம் வந்து சேர்வதற்குள் தேர்தல் முடிந்துவிடும்

கேட்கப்பட்ட கேள்வி: "அமெரிக்கா மாதிரி இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆளும் இடத்தில் மூன்றாவது கட்சி வேட்பாளரால் நிஜமாகவே சவால் விட முடியுமா? தமிழ்நாட்டில் நிலைமை எப்படி?"

நான் காரைக்குடியில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். வருஷம் முழுக்கச் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகையும் அறுபதாம் கல்யாணச் சாந்திப் பத்திரிகையும்தான். தேர்தல் வந்தால் நோட்டீஸ். அரசியல் படித்தவன் இல்லை. ஆனால் எந்தக் கட்சிக்காரர் எப்போது கடை ஏறுகிறார், எத்தனை ஆயிரம் அடிக்கச் சொல்கிறார், காசை எப்படிக் கொடுக்கிறார் என்று இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவனுக்குச் சில விஷயங்கள் புரியத்தானே செய்யும். அதை வைத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆளாகவே நின்று ஜெயிப்பது அபூர்வம். இரண்டில் ஒன்றின் தோளில் ஏறிக்கொள்ளலாம். அல்லது இரண்டில் ஒன்று சரியும் நேரம் பார்த்து அந்த இடத்தில் போய் உட்காரலாம். இரண்டும் வாய்க்காதவர் யாரையாவது தோற்கடிப்பார், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் தொகுதிக் கதை. 1996 முதல் 2021 வரை காரைக்குடி ஆறு சட்டமன்றத் தேர்தலைப் பார்த்தது. 1996-இல் காங்கிரஸிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) ஜெயித்தது. 2001-இல் பாஜக, 2006-இல் காங்கிரஸ், 2011-இல் அதிமுக, 2016, 2021 இரண்டிலும் மறுபடி காங்கிரஸ். திமுக ஒரு தடவைகூட இல்லை, அதிமுக ஒரே ஒரு தடவை. வெளியூர்க்காரர் இந்த வரிசையை மட்டும் பார்த்தால், இங்கே இரண்டு கட்சி ஆதிக்கமே கிடையாது போல என்று நினைத்துக்கொள்வார். அதுதான் இல்லை. அதிமுக ஜெயித்தது போக மற்ற ஐந்து வெற்றிக்கும் பின்னால் நின்றது திமுக கூட்டணி. 2001-இல் எச்.ராஜா தாமரையில் ஜெயித்ததும் அந்தக் கூட்டணியில்தான். இதைச் சொன்னால் கடைக்கு வரும் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள், நம்புவதில்லை.

தோளிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் வெளியே போக வேண்டாம். பக்கத்துக் கண்டனூர்க்காரர் ப.சிதம்பரம் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் 1984 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து தடவை ஜெயித்தார். முதல் மூன்று தடவை காங்கிரஸ்காரராக அதிமுக கூட்டணியில், அடுத்த இரண்டு தடவை தமாகாக்காரராகத் திமுக கூட்டணியில். 1999-இல் தமாகா இருவரையும் விட்டுத் தனி அணி கண்டது. அதே ஆள், அதே தொகுதி, அதே சைக்கிள் சின்னம். மூன்றாமிடம். அப்புறம் 2014-இல் காங்கிரஸ் தனியாக நின்றபோது அவர் மகன் கார்த்தி நான்காமிடம். 2019-இல் திமுக கூட்டணியில் நின்றதும் லட்சக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். ஐந்து வருஷத்தில் ஒரு மனிதர் அவ்வளவு நல்லவராக மாறிவிட முடியுமா என்ன?

சரி, என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

2016 சட்டமன்றத் தேர்தலில் பதிவு மட்டும் பெற்ற ஒரு சின்னக் கட்சிக்காரர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், ஊருணி தூர்வாருகிற வேலையை எல்லாம் கைக்காசு போட்டுச் செய்தவர். பத்தாயிரம் பிட் நோட்டீஸ் வேண்டும் என்றார். சின்னம் என்ன என்று கேட்டேன். "இன்னும் வரலண்ணே" என்றார். அங்கீகாரம் பெற்ற கட்சிக்குச் சின்னம் நிரந்தரம். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே சுவரை வளைத்துப் போட்டு உதயசூரியனையும் இரட்டை இலையையும் வரைந்துவிடுவார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மனு வாபஸ் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். 2016-இல் வாபஸ் கடைசி நாள் மே 2. ஓட்டுப்பதிவு மே 16. அதற்கு இரண்டு நாள் முன்னால் பிரசாரம் முடிந்துவிடும். ஆகக் கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். படம், பெயர், வாக்குறுதி எல்லாவற்றையும் முன்கூட்டியே மல்டிகலரில் ஓட்டி வைத்துவிடுவோம். சின்னத்துக்கு மட்டும் ஒரு கட்டம் காலியாக விடுவோம். சின்னம் வந்ததும் ஒற்றைக் கலரில் மறுபடி மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம். வந்தது தையல் மெஷின். அந்தக் குட்டிக் கட்டத்துக்குள் கறுப்பு மையில் இறங்கியபோது தையல் மெஷின் மாதிரியே இல்லை. கழனிவாசலில் ஒரு பெரியவர் நோட்டீஸைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, கிணத்து ராட்டினமா?" என்று கேட்டாராம். நோட்டீஸ் அடித்த வேட்பாளருக்கு டெபாசிட் போய்விட்டது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய பத்தாயிரம் ரூபாய் திரும்பி வரும். எனக்குத் தர வேண்டிய பாக்கியை மட்டும் மாதா மாதம் வந்து கொடுத்துத் தீர்த்தார்.

இதற்கு எதிர்ச் சாட்சியும் என் வீட்டிலேயே இருக்கிறது. 1996-இல் தமாகா பிறந்ததே தேர்தல் நெருங்கிய பிறகுதான். அப்போது அப்பா ட்ரெடில் மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் படம் அடிக்கிற அச்சுக்கட்டை, அதாவது பிளாக், உள்ளூரில் இல்லாமல் மதுரைக்கு ஆள் அனுப்பினார். பிளாக் வந்து சேர்ந்தபோது பாதிப் பிரசாரம் முடிந்திருந்தது. அப்படியும் அந்தக் கட்சி 39 சட்டமன்றத் தொகுதிகளில் ஜெயித்தது. திமுக தோளும், ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்கும் அளவுக்கு வீசிய எதிர்ப்பு அலையும் சேர்ந்தபோது பிளாக் தாமதமானது ஒரு பொருட்டே இல்லை.

நாம் தமிழர் கட்சியைப் பாருங்கள். 2019-இலும் 2021-இலும் கரும்பு விவசாயி. 2024-இல் அந்தச் சின்னம் வேறொரு கட்சிக்குப் போய், இவர்களுக்கு மைக் வந்தது. அதிலேயே நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றுவிட்டார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டும் சேர்த்து 40 தொகுதி, ஜெயித்தது பூஜ்யம். சின்னம் ஒரு தடை, ஆனால் அது வெளித்தடைதான். உள்ளே இன்னொன்று இருக்கிறது.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு ஆச்சி. அந்தத் தையல் மெஷின் நோட்டீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள்: "பையன் நல்ல பையந்தேன். ஆனா அவனுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிருமேப்பா." ஆச்சிக்கு ஓட்டு என்பது ஒரு முதலீடு. யார் ஜெயிப்பார் என்பதைவிட, பிடிக்காதவர் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், பாதி தாண்டத் தேவையில்லை என்ற விதி இருக்கும் வரைக்கும் அந்தக் கணக்கு தப்பில்லை. பிரான்ஸ்காரர் துவர்ஜே என்ற அறிஞர் இதையே ஒரு கோட்பாடாக எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். இப்படி எண்ணும் இடங்களில் ஜனங்களே மெல்ல மெல்ல இரண்டு பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள் என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் இது இன்னும் கொடுமை. 1992-இல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் ஜனாதிபதி தேர்தலில் கைக்காசு போட்டு நின்று ஐம்பது மாநில வாக்குச்சீட்டிலும் பெயர் வரவைத்து, ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஐந்து பேரில் ஒருவர் போட்ட மாதிரி. ஆனால் அங்கே ஜனாதிபதியைக் கடைசியில் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக வரும் தேர்வாளர்கள்தான். அந்த ஓட்டு அவருக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு மாநிலம் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்த மாநிலத்தில் முதலில் வந்தவருக்கே மொத்தமும் போய்விடும். நம் சின்னம் கதைக்கு அங்கே ஈடு, சீட்டில் பெயர் வரவைப்பதற்கான கையெழுத்து வேட்டை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, கெடு வேறு. பெரோ பணக்காரர், செய்ய முடிந்தது.

தோற்கடிக்கிற வேலையை மட்டும் மூன்றாவது ஆள் நன்றாகவே செய்வார். 2000-இல் ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97 ஆயிரத்துக்கு மேல். இங்கே 2009-இல் சிவகங்கையில் ப.சிதம்பரம் ஜெயித்தது 3,354 ஓட்டில். விஜயகாந்தின் தேமுதிக வாங்கியது அதைப்போலப் பல மடங்கு. 2021 காரைக்குடியில் காங்கிரஸுக்கும் பாஜகவுக்கும் வித்தியாசம் 21 ஆயிரத்துச் சொச்சம். மூன்றாவது வந்த, அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுக வாங்கியது அதைப்போல இரண்டு மடங்கு. அமமுக நிற்காவிட்டால் அந்த ஓட்டெல்லாம் ஒரே பக்கம் போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவு வந்த அன்று டீக்கடையில் எல்லாரும் அடித்துத்தான் சொன்னார்கள்.

இந்தத் தோற்கடிக்கும் சக்திக்கு ஒரு விலை உண்டு. விஜயகாந்த் 2006-இல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர். அந்த 8 சதவீதத்தை 2011-இல் அதிமுகவிடம் கொண்டுபோனபோது 29 இடம் கிடைத்தது. 23 இடம் வாங்கிய திமுகவைத் தாண்டி எதிர்க்கட்சித் தலைவரே ஆகிவிட்டார். 2016-இல் மூன்றாவது அணிக்கு முதல்வர் வேட்பாளராக நின்றார். கட்சிக்கு ஒரு இடமும் இல்லை, உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். 2006-இல் முரசு நோட்டீஸ் வாங்க வந்த பையன்கள் காசு கேட்காமல் வேலை பார்த்தவர்கள். அந்த முகங்களை அப்புறம் எந்தத் தேர்தலிலும் கடையில் பார்க்கவில்லை.

இடத்தைப் பிடித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவின் இன்றைய குடியரசுக் கட்சியே 1854-இல் புதுக் கட்சிதான். அடிமை முறைச் சண்டையில் விக் கட்சி உடைந்து சிதறியதால் அந்த இடம் காலியானது. 1860-இல் லிங்கன் ஜெயித்தார். இங்கே திமுக 1957-இல் 15 இடம், 1962-இல் 50 இடம், 1967-இல் கோட்டை. அதற்கும் தோள் தேவைப்பட்டது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி அந்தக் கூட்டணியில் இருந்தது. (எங்கள் காரைக்குடியே 1962-இல் சுதந்திராக் கட்சியின் சா.கணேசனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கம்பன் கழகம் கண்ட அதே சா.கணேசன்தான். நகரத்தார் ஊரில் ராஜாஜி கட்சிக்கு மரியாதை இருந்த காலம்.)

அதிமுக கதை இன்னும் வேகம். 1972 அக்டோபரில் பிறந்த கட்சி, 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்தது. இரட்டை இலை முதலில் களம் இறங்கியது அங்கேதான். ஆளுங்கட்சி திமுக மூன்றாமிடம். ஏழு மாதக் கட்சியால் எப்படி முடிந்தது? ஏனென்றால் அது மூன்றாவது கட்சியே இல்லை. திமுகவின் பாதி எழுந்து வெளியே வந்த கட்சி. கிளைச் செயலாளர் முதல் கொடி பிடிக்கிற ஆள் வரை ஏற்கெனவே பழகிய ஆட்கள். புதிதாக வருகிறவர்கள் எம்ஜிஆரின் முகத்தைப் பார்க்கிறார்கள், இந்த ஆட்களைப் பார்ப்பதில்லை. இப்போதைய புதுக் கட்சிகளைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எல்லாரும் என் வாடிக்கையாளர்கள்.

எண்ணும் விதியை மாற்றினால்? மாறும். நியூசிலாந்தில் 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டே இடம் பெற்றது. இந்த மாதிரி அநியாயம் சேர்ந்து சேர்ந்து, 1993-இல் ஜனங்களே ஓட்டுப் போட்டு விதியை மாற்றினார்கள். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம் என்று ஆனதும் அங்கே சின்னக் கட்சிகள் சபைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போடும் முறை இருக்கிறது. பிடித்தவருக்கு ஒன்று, பரவாயில்லை என்பவருக்கு இரண்டு. ஆச்சியின் கவலைக்கு இது நேரடி மருந்து. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே முறைதான். 1969-இல் வி.வி.கிரி சுயேச்சையாக நின்று, இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகுதான் ஜெயித்தார். எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் போடும் ஓட்டுக்கு அந்த வசதி உண்டு, ஆச்சி போடும் ஓட்டுக்கு இல்லை. விதியை மாற்ற வேண்டியவர்கள் இந்த விதியால் ஜெயித்தவர்கள் என்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை.

ஆனால் விதி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தத் தையல் மெஷின்காரர் 2019 டிசம்பரில் தன் ஊரில் ஊராட்சித் தலைவருக்கு நின்றார். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நின்ற நான்கு பேருக்கும் ஒரே நாளில்தான் சின்னம் வந்தது. இவருக்குப் பூட்டு சாவி. நான்கு பேருமே ஒரே நேரத்தில் என் கடை வாசலில் நின்றார்கள், அப்படி ஒரு காட்சியைச் சட்டமன்றத் தேர்தலில் பார்க்கவே முடியாது. எண்ணும் முறை அதேதான், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். ஆனால் அந்த ரோஸ் கலர் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிய யாரும் ஓட்டு வீணாகிவிடுமோ என்று யோசிக்கவில்லை. தெருவிளக்கு எரியுமா, ஊருணியில் தண்ணீர் நிற்குமா என்றுதான் பார்த்தார்கள். இங்கே அமைக்க வேண்டிய ஆட்சி ஒன்றும் இல்லையே.

ஜெயித்துவிட்டார். நன்றி நோட்டீஸ் அடிக்க மாலையோடு வந்தார். இந்தத் தடவை படத்தைப் பெரிதாகப் போடுங்கண்ணே, பூட்டு பூட்டு மாதிரித் தெரியணும் என்றார். 2016-இல் கட்டம் காலியாக மிஞ்சிய நோட்டீஸ் இரண்டு கட்டு இன்னும் பரணில் இருக்கிறது என்று சொன்னேன். "வச்சிருங்கண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார்.