ஈட்டி வீரனுக்கு எத்தனை தலை உயரம்? கிரேக்கச் சிற்ப அளவுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், கிரேக்கச் சிலை என்றாலே எட்டுத் தலை உயரம், அதாவது மொத்த உயரம் தலையின் நீளத்தைப்போல் எட்டு மடங்கு என்கிறார்களே?

பதில்: எல்லாச் சிலைக்கும் அப்படி இல்லை. எட்டு என்பது கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்த கணக்கு. கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸ் கி.மு. 440 வாக்கில் வெண்கலத்தில் வார்த்த ஈட்டி வீரன் சிலை கிட்டத்தட்ட ஏழு தலைதான், கட்டுமஸ்தான ஆள். தலையைச் சிறிதாக்கி உடம்பை மெலிய வைத்தது அடுத்த நூற்றாண்டின் கிரேக்கச் சிற்பி லிசிப்பஸ்.

கேள்வி: பாலிக்ளீட்டஸ் அளவுகளைப் புத்தகமாகவே எழுதினாராமே, எங்கே கிடைக்கும் அண்ணா?

பதில்: கிடைக்காது தம்பி. 'கானன்' என்ற அந்த நூலும் போய்விட்டது, வெண்கலச் சிலையும் போய்விட்டது. மிஞ்சியவை ரோமானியர் செய்த பளிங்கு நகல்கள். இத்தாலியின் பழைய பொம்பெய் நகரில் கிடைத்த நகல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நூலின் சாரத்தைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் சொல்கிறார்: விரலுக்கு விரல், விரல்களுக்கு உள்ளங்கையும் மணிக்கட்டும், அவற்றுக்கு முன்கை, முன்கைக்கு மேற்கை என்று ஒன்றுக்கொன்று பொருந்துவதே அழகு. எண் ஒன்றுகூட அதில் இல்லை. நகல்களை அளந்த அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

கேள்வி: அழகான அளவுக்கு 1.618 என்று சொல்லப்படும் தங்க விகிதம்தானே ரகசியம்?

பதில்: பழைய நூல் எதுவும் சிலைக்கு அந்த எண்ணைச் சொல்லவில்லை. டேப்பை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருந்தால், எந்த எண்ணையும் வரவழைக்கலாம்.

கேள்வி: களிமண்ணில் 60 செ.மீ. உருவம் செய்கிறேன் சார். விட்ருவியஸ் சொன்னபடி பாதத்தை உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வைத்தேன். பூதாகரமாகத் தெரிகிறது.

பதில்: தெரியத்தான் செய்யும். நிஜ மனிதனுக்குச் சுமார் 15 சதவீதம்தான். நீங்கள் வைத்தது 10 செ.மீ.; 9 போதும். அதைவிட, நிற்கும் விதத்தை முதலில் பிடியுங்கள். ஈட்டி வீரனின் வலது கால் எடையைத் தாங்குகிறது, அந்தப் பக்கக் கை சும்மா தொங்குகிறது. இடது கால் தளர்ந்து பின்னால் போகிறது, அந்தப் பக்கக் கைதான் மடங்கி ஈட்டியைப் பிடிக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் சாய, தோள் எதிர்ப்பக்கம் சாயும். இது வராவிட்டால் அளவெல்லாம் சரியாக இருந்தும் பொம்மை விறைத்துத்தான் நிற்கும்.

கேள்வி: நேப்பிள்ஸ் சிலையில் காலை ஒட்டி ஒரு அடிமரம் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

பதில்: அர்த்தம் ஒன்றுமில்லை, முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வெண்கலம் தன் காலில் நிற்கும். பளிங்கு கணுக்காலில் உடைந்துவிடும். பாலிக்ளீட்டஸ் அந்த மரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.